மூன்று பெயரும் மெய்தான், மாப்பிள்ளை

என் பிரியமுள்ள மாப்பிள்ளை ராசய்யாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மகள் செல்வி. எனக்குத்தான் கையெழுத்துக்கூட வராதே. எழுதி முடித்ததும் நம் ஊர் பள்ளங்கி டீக்கடைச் சுவரில் ஒட்டப்போகிறோம். உன்னைப் பொய்யன் என்று நான் சொன்ன இடம் அதுதானே.

பெங்களூரில் ஹெலிகாப்டர் செய்யும் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, ஓய்வு பெற்று நீ ஊருக்கு வந்த புதிது. உன் பேச்செல்லாம் அந்த ஹெலிகாப்டரை எப்படிச் செய்வது என்று படம் போட்டுக் கொடுத்த பிரான்ஸ் கம்பெனியைப் பற்றித்தான். முதலாளிகள் கையில் இருந்த பட்டறைகளை அந்த நாட்டுச் சர்க்கார் எடுத்து, திசைக்கு ஒரு கம்பெனியாக நடத்தியதாம். "நம்ம சர்க்காரு பஸ்ஸு வத்தலக்குண்டுல இருந்து மேல ஏறுறதுக்குள்ள மூணு தடவ மூச்சு வாங்குது. அங்க சர்க்காரு பறக்கவே விடுமாக்கும்?" என்று எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

அதோடு விட்டிருக்கலாம். என் ஞாபகம் விடவில்லை. சித்திரையில் தென்கிழக்குக் கம்பெனி என்றாய். ஆடியில் தெற்குக் கம்பெனி என்றாய். ஐப்பசியில் பூண்டு நடும்போது வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று. தை பிறந்ததும், அப்படி ஒரு கம்பெனியே இப்போது இல்லை என்றாய். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். "ஏலே மாப்ள, மாசத்துக்கு ஒரு பேரு வைக்க அது என்ன உன் வீட்டு நாய்க்குட்டியா?"

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். சிரிப்பில் கேட்கவில்லை.

மறுநாளே உனக்குப் 'பிரான்ஸ் புளுகர்' என்று பட்டம். நீ டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்தினாய். போன கார்த்திகையில் உன்னைத் தூக்கிப்போகும்போதுகூட, இறந்தது யார் என்று கேட்டவருக்கு ஒருவன் அந்தப் பட்டத்தைத்தான் சொன்னான். செல்வி பக்கத்தில் நின்றாள்.

இந்தப் பங்குனியில் மலையில் தீப்பிடித்தது. அதைப் பார்க்க வந்த ஹெலிகாப்டர் கொடைக்கானலில் ஒரு மைதானத்தில் இறங்கியது. பூண்டு மூட்டையைப் போட்டுவிட்டு வந்த நானும் வேலியோரம் நின்றேன். முன்பக்கம் கண்ணாடிக் குடம், வால் முழுக்க வெறும் கம்பி எலும்பு. நீ செய்ததாகச் சொன்ன அதே மாதிரி, மாப்பிள்ளை.

அதைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் தமிழ் ஆள். "இதுக்குப் படம் போட்ட பிரான்ஸ் கம்பெனி பேரு என்னங்க?" என்றேன்.

"எந்தக் காலத்துப் பேரு வேணுங்கய்யா?" என்று சிரித்தார். "தென்கிழக்கு, தென்மேற்குன்னு ரெண்டு சர்க்கார் கம்பெனி இருந்துச்சு. ரெண்டையும் சேத்துத் தெற்குன்னாங்க. அப்புறம் இன்னும் சிலதச் சேத்து நீளமா ஒரு பேரு. கடைசில வெளிநாட்டுக் கம்பெனிகளோட கலந்து பழைய பேரே போயிருச்சு. பழைய படங்களப் பாத்தா ஓரத்துல தாளுக்கு ஒரு பேரு இருக்கும்."

தாளுக்கு ஒரு பெயர். அந்தத் தாள்களில் படித்ததைத்தான் நீ சொல்லியிருக்கிறாய். நான் ஒப்பித்தது அத்தனையும் சரி, வரிசைகூடச் சரி. அதை வைத்தே உன்னைப் பொய்யனாக்கினேன். இவ்வளவு ஞாபகம் வைத்திருந்தவனுக்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே? நீயாவது வீட்டுக்கு வந்து என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். "பெருசு, நீங்கதான புளுகர்னீங்க? இப்பக் கட்சி மாறிட்டீங்களா?" என்கிறார்கள்.

செல்வி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, அப்பா உங்க மேல கோவப்படலங்க. 'மச்சான் ஒரு பேரக்கூட மறக்கல பாரு, நான்தான் வெவரமாச் சொல்லல'ன்னுதான் சொல்வாரு" என்கிறாள். அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

இனி யார் அந்தப் பட்டத்தைச் சொன்னாலும் அவரை உட்காரவைத்து, மூன்று பெயரையும், அது ஏன் மாறியது என்பதையும் சொல்வேன். "புளுகுனது ராசய்யா இல்ல, நான்தான்" என்று முடிப்பேன். நம்பாவிட்டால் மறுநாளும் போவேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியோடு பிறந்தவன்,
உன் மச்சான் வேலுச்சாமி
(இடது பெருவிரல் ரேகை)