நூற்றுப்பத்து வோல்ற் மெசின்

உரும்பிராய்

அன்பு மகன் கிருஷாந்துக்கு,

நல்லூரான் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். அங்கே குளிர் கூடுதல் என்று அறிந்தேன், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ மகன்.

நீ கனடாவிலிருந்து அனுப்பிய பழைய தையல் மெசின் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தங்கச்சி தர்சினி அயலில் பதினெட்டுப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அளவெடுத்துத் துணியும் வெட்டி வைத்திருந்தாள், அவள் ஏற்ற முதல் பெரிய வேலை அது, அதற்கடுத்த திங்கள் பள்ளிக்கூடம் தொடங்கவிருந்தது, அவளுடைய கைமெசினோ பழுதாகிவிட்டது. அதனால் அப்பா அவசரப்பட்டு, அங்கத்தைய தட்டைமுனைப் பிளக்கை வெட்டிவிட்டு எங்கள் மூன்றுமுனைப் பிளக்கைப் பூட்டிச் சுவரில் குத்தப் போனார். பிளக்கை மாத்தினாச் சரி அம்மா என்று நீயும் ஃபோனில் சொன்னாயே. தர்சினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். மோட்டரில் இருந்த சின்னத் தகட்டை அவள் வாசித்திருக்கிறாள், 110 வோல்ற், எங்கள் வீட்டுக் கரண்ட் 230. குத்தினா அண்ணை அனுப்பினது புகையாப் போயிடும் அப்பா என்றாள். நீ என்ன கரண்ட் கந்தோரிலை வேலை செய்யிற ஆளோ என்று கேட்ட அப்பா, கண்ணாடி போட்டுத் தகட்டைப் பார்த்தபின் பிளக்கைக் கீழே வைத்தார்.

மெசின் திருத்துகிற கொக்குவில் செபநாயகம் அண்ணையிடம் கொண்டுபோனோம். கரண்டைக் குறைக்கிற பெட்டி ஒன்று போதும் என்றார் அவர். தர்சினி பழைய வயரை வளைத்துக் காட்டினாள், மேல் றப்பர் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. உந்த வயரை ஆர் ஐயா தொடுறது என்று கேட்டாள். ஓம் பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி என்று அவர் மோட்டரையும் மிதிக்கிற பெடலையும் வயரையும் கழற்றி, 230க்கு உரியதைப் பூட்டினார், 110க்கான மெசின் விளக்கையும் துண்டித்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. தைத்தால் அடிநூல் சிக்குப்படுகிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, அடிநூல் சுற்றக் கடையில் வாங்கிய பொபினை மெசினோடு வந்த பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பழையதன் பக்கம் சற்று வளைவு, புதியது தட்டை. உடனே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், நாலாவது கடையில் சரியானதை எடுத்துவந்தாள். ஞாயிறு பின்னேரம் பதினெட்டுச் சட்டையும் மடித்து வைத்தாயிற்று.

திங்கள் காலை கேற்றடியில் நின்று, போகிற பிள்ளைகளின் கழுத்துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் தையல் சுருங்கவில்லை. ஏரம்பு வீட்டு மருமகள் சைக்கிளை நிறுத்தி, என்ரை மகளுக்கும் ரெண்டு தை தங்கச்சி என்றாள். அப்பா இப்போது பல்ப் மாற்றுவதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் மாற்றுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தங்கச்சிக்கு நீயே ஃபோன் எடுத்து ஒரு சொல் சொல்லு, அவள் அதைத்தான் பார்த்திருக்கிறாள். நீ நீடூழி நல்லாயிருக்க வேண்டும்.

உன் அம்மா
கனகாம்பிகை