சின்ன இன்டர்கூலர்

இன்று காரின் டிக்கியைச் சுத்தம் செய்யும்போது ஸ்பேர் டயருக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு கிடைத்தது. பிஸ்கட் பெட்டியின் அட்டை. அதில் உன் கோணல் எழுத்து: "இங்க ஓட்டை." பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஈரத்தில் உப்பியிருந்தது. துடைத்த துணியைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதையும் நீ அட்டையில்தான் செய்து பார்ப்பாய். ஆரியசாலைக் கடைத்தெருவில் உங்கள் மொத்த வியாபாரக் கடையில் அட்டைப்பெட்டிக்கு என்ன குறை. நாம் சேர்ந்து வாங்கிய இந்தப் பழைய டர்போ காருக்கு இன்டர்கூலர் மாற்றலாம் என்று பேச்சு வந்த மறுநாளே, இரண்டு அட்டை மாதிரிகளோடு பட்டறைக்கு வந்தாய். பெரியது, முன் பம்பருக்குப் பின்னால் வைக்க. சின்னது, எஞ்சினுக்கு மேலேயே படுக்கவைக்க.

பட்டறைக்காரர் பிஜு அண்ணன், மலையாளி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிஸ்கட்டிண்டெ பேரும் உண்டல்லோ. டீ சொல்லட்டே?"

டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் வலு குறைவு. அதை வழியில் குளிர்விக்கும் அலுமினியப் பெட்டிதான் இன்டர்கூலர். இவ்வளவுதான் விஷயம். இதற்காக மூன்று வாரம் சண்டை போட்டோம், நீ சின்னதற்கு, நான் பெரியதற்கு.

"பெருசுக்குக் குழாய் எவ்வளவு நீளம் பாத்தியா? காத்து அதைச் சுத்தி வரதுக்குள்ள வளைவு முடிஞ்சிரும்லே. பொன்முடி மலையில மிதிச்ச உடனே இழுக்கணும்."

"எஞ்சினுக்கு மேல வைக்கது அடுப்பு மேல ஐஸ் வைக்க மாதிரிலே."

"பானெட்டுல ஓட்டை போடுவோம்லா. காத்து வரும்."

"வளைவுல உருட்டிக்கிட்டுப் போவும்போ எந்தக் காத்துலே வரும்? உன் வாயில இருந்தா?"

நீ சிரித்தாய். அதுவரை சிரிப்புத்தான்.

ஒரு மத்தியானம். வெப்பக் கணக்குகளை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தேன். நீ தாளை வாங்கவில்லை. அட்டையை எஞ்சின்மேல் வைத்து, சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாய். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"நீ கடையில சரக்கு எண்ணினாப் போதும். இதெல்லாம் படிச்சவன் பாத்துக்கிடுவான்."

அப்பா படுக்கையில் விழுந்ததும் இரண்டாம் வருடத்தில் இன்ஜினியரிங்கை விட்டுக் கடையில் உட்கார்ந்தவன் நீ. எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். நீ அட்டைகளை மடித்து டிக்கியில் வைத்தாய். கை கழுவினாய். பஸ்ஸில் போய்விட்டாய்.

பிறகு மழை. குடோனுக்குள் தண்ணீர். முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் நின்று இரண்டு நாள் சரக்கு ஏற்றியிருக்கிறாய். அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். சண்டை நடந்த ஒன்பதாம் நாள் உன் குரல் செய்தி வந்தது.

"மக்கா, பெருசையே வச்சிரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், காலெல்லாம் கடுக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன், என்னா?"

வந்த உடனே கேட்டேன். பதில் போடவில்லை. ரெண்டு நாள் கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்ட சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தண்ணீரில் தொற்றிய எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது உன் சிறுநீரகங்கள் நின்றிருந்தன. ஐ.சி.யூ. வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வருவேன்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தான். ஊர்ல இல்லையாப்பா?"

"இல்லம்மா. ஊர்ல இல்ல."

உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, என் அறையில்தான் இருந்தேன்.

நீ போய் ஒரு மாதம் கழித்து பிஜு அண்ணன் கூப்பிட்டார். "எதை வெக்கணும்னு ஒண்ணு பறயணும் கேட்டோ. வண்டி மழையில கெடக்குது."

"சின்னது."

"நீயல்லே அது வேண்டாம்னு சண்டை பிடிச்சது?"

"சின்னதையே வைங்கண்ணா."

சின்னதைப் பொருத்தியதும் பொன்முடிக்கு ஓட்டினேன். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவுகளில் நீ சொன்னபடியே. மிதித்ததும் இழுத்தது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சீட் பெல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

எட்டாம் வளைவுக்குமேல் எஞ்சினுக்குப் போகும் காற்றின் சூடு ஏற ஆரம்பித்தது. பன்னிரண்டில் வண்டி துவண்டது. நான் சொன்னதுதான் சரி. நீ சொன்னது தப்பு. நீ விட்டுக்கொடுத்தது சரியான பக்கத்துக்குத்தான். அதற்கு ஒரு "சரிலே" என்று பதில் போட எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்.

மாற்றிவிடலாம், ஒரு நாள் வேலை என்கிறார் பிஜு அண்ணன். மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் பாதி மலையில் ஓரம் கட்டுகிறேன். எஸ்டேட் ஜீப் ஒன்று நிற்கும். "எந்து பற்றி, வண்டி கேடாயோ?" கேடு இல்லை, சூடு மட்டும்தான் என்பேன். போய்விடுவார்கள்.

பானெட்டைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டியின்மேல் புறங்கையை வைக்கிறேன். காய்ச்சல் பார்ப்பதுபோல. சுடுகிறது. எடுக்கிறேன். மறுபடி வைக்கிறேன். தணியும்வரை அங்கேயே நிற்கிறேன்.