பொரி தின்ற குளம்

நேற்று ஆயுத பூஜை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கள் தறிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்துவிட்டு ஒரு பெரிய பொட்டலம் பொரி கொடுத்தனுப்பினார்கள். முடிச்சை அவிழ்த்ததும் எழுந்த அந்த வறுத்த மணத்தில் உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. கடிதத்துக்குப் பதில் போடுவதில் நீ எப்போதுமே சோம்பேறி, அதனால் இதை எழுதுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், நீ சயின்ஸ் டீச்சர். நான் சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டு மாட்டுப்பெண். நீ திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதே சைக்கிளில் போகிறவள். மதியம் என் தயிர்சாதத்தை நீ எடுத்துக்கொள்வாய். உன் டப்பாவை மட்டும் எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வாய், அதில் கருவாடு இருக்கிற நாட்களில்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாவது முறையும் என் வயிற்றில் கரு தங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் போன ஜென்மத்தில் ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தெருக்கோடிக் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தினம் விடிந்ததும் ஒரு படி. அந்த வருஷம் மழை சரியில்லை, குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

மூன்று வாரம் போனதும் தண்ணீர் பச்சையாயிற்று. குளம் செழிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு மீன்கள் நான் போவதற்கு முன்பே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்க ஆரம்பித்தன. எனக்காகக் காத்திருக்கின்றன என்று உருகிப்போனேன். பசி போலிருக்கிறது என்று ஒரு படியை இரண்டு படியாக்கினேன். கணக்கு டீச்சர் இல்லையா, பெருக்கத் தெரியாதா?

வானம் மூடிக்கொண்டு மூன்று நாள் வெயிலே வரவில்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் போனால் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். பொரிக் கூடையோடு படியில் உட்கார்ந்தவள், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெருமாள் என் வேண்டுதலை முகத்தில் விட்டெறிந்துவிட்டார், இனி எனக்குக் குழந்தை கிடையாது, நான் தொட்டது துலங்காது என்று முடிவு கட்டி, பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் படுத்துவிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்லைம்மா, எல்லாம் விதி என்று மாமியார் தலையைத் தடவினார். அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் நீ வந்தாய். என் மாமியாரிடம் அரைமணி நேரம் என்று அனுமதி கேட்டு, என்னை இழுக்காத குறையாகக் குளத்துக்கு அழைத்துப் போனாய். தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு என் மூக்கருகில் நீட்டினாய். அழுகிய சோற்று நாற்றம். மீன் தின்றது போக மிச்சப் பொரி அடியில் அழுகியது, அழுக வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டன, அந்த உரத்தில்தான் பாசி தடித்தது, வெயில் இல்லாததால் பாசியும் காற்று கொடுக்காமல் வாங்க ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய்.

"அது பசிக்கு வாயத் தொறக்கலடி. மூச்சுக்குத் தொறந்துக்கினு இருந்துது. நீ பசின்னு நெனச்சு இன்னும் கொட்டிக்கினு இருந்துட்ட. சாமிக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. நீதான் பண்ணது."

உன்னை அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. எல்லோரும் என் தப்பில்லை என்றார்கள், நீ ஒருத்திதான் என் தப்பு என்றாய். ஆனால் படியேறி வரும்போது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். சாபத்தை என்ன செய்ய முடியும்?

குப்பைமேட்டுக்குப் போகவிருந்த மீன்களைக் கோயில் காவல்காரரிடம் பேசி வாங்கி, மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். உன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி, சருகும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினாய். மாதங்கள் கழித்து ஒரு பரங்கிக்காயை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். இதில் என் பொரியும் இருக்கிறது, மீனும் இருக்கிறது, ஐயங்கார் அம்மா சாப்பிடுவாளா என்று கண்ணைச் சிமிட்டினாய். கூட்டு செய்தேன். மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மண் நல்ல மண் போலிருக்கே என்றார். நான் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அப்படியானால் நான் போட்ட பொரி அத்தனையும் திரும்பி வந்துவிட்டதா என்று உன்னைக் கேட்டேன். "சத்து மண்ணுக்குப் போயி திரும்பி வரும். அதுல இருந்த வெயில், அதான் சக்தி, அது வராது. மீனு நீந்துனதுலயே பாதி தீந்துபோச்சு. காய்க்குப் புதுசா வெயில் வாங்கிக்கினு வந்தேன். அதனாலதாம்மா சூரியனுக்கு லீவே கெடையாது" என்றாய். போனது போனதுதான், இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குத்தான் வாங்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ அந்த அர்த்தத்தில் சொன்னாயா தெரியாது.

மறு வருஷம் மூன்றாவது முறையும் கலைந்தது. அழுதேன், ஏன் அழமாட்டேன்? ஆனால் என்ன பாவம் செய்தேன் என்று யாரையும் கேட்கவில்லை. நேராக டாக்டரிடம் போய், "காரணம் என்ன? அதைக் கண்டுபிடிக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு. தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் ஒரு குளத்து மீனைக் கொன்றிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவள் பிறந்தது மீனுக்குப் பொரி போட்ட பலன் என்று மாமியார் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. பெருமாளுக்கு நன்றி சொல்லியாயிற்று. டாக்டருக்குப் பழத்தட்டு வைத்தாயிற்று. உனக்கு மட்டும் சொல்லவேயில்லை. நன்றி என்று ஆரம்பித்தாலே உனக்கு மூக்கின்மேல் கோபம் வரும், போடி வேலையப் பாத்துக்கினு என்பாய். அதற்குப் பயந்தே இத்தனை வருஷம் தள்ளிவிட்டேன்.

என் மகளை எனக்குக் கொடுத்தவள் நீதான். நன்றிடி. இப்போது திட்டு, கேட்கிறேன்.