கம்பெனிக்கு முதலாளி கேட்டுக் கிடாய்க்குத் தண்ணீர் தெளித்தது

ஆடி, வெள்ளி
பேய்க்காற்று. தெருப்புழுதி பூராவும் வீட்டுக்குள். இட்டிலி நறநற.

பெட்ரோல் கூப்பனை மறுபடி குறைத்துவிட்டார்கள். யுத்தம் எங்கோ நடக்கிறது, நாமக்கல்லில் எங்கள் பஸ் நிற்கிறது. இரண்டில் ஒன்று ஷெட்டிலேயே.

சாப்பிடும்போது அண்ணன்: "எனக்கு ஆவறதில்ல. முட்டி போச்சு. கம்பெனியை இனி ஒருத்தன் எடுத்துக்கோணும். ஞாயித்துக்கெழம குலசாமிகிட்டக் கேட்டுருவோம்."

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றாத மனுஷர். குளிக்கும்போதும் அப்படித்தான். அண்ணி சாட்சி.

தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவன் திட்டம் தயார்: இரண்டு பஸ்ஸுக்கும் பின்னால் கரி அடுப்பு மாட்டி, பெட்ரோலுக்குப் பதில் கரி காஸில் ஓட்டுவது. சேலத்தில் மாட்டித் தருகிறார்களாம். அண்ணனுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "பஸ் ஓட்டறமா, பட்டறை வெக்கறமா?"

நான் நடுவன். டிக்கெட், சில்லறை, ஊர்வம்பு என் இலாகா. முதலாளி ஸ்தானத்தில் என்னை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. நானும் நினைத்ததில்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும்.

சனி
காற்று குறையவில்லை. வேலை: கிடாய் வாங்க வேண்டும், மாலை, மஞ்சள், என் செருப்பு தைக்க வேண்டும் (மறந்தாயிற்று).

தம்பி தனியாக வந்தான். "சாமி எனக்கு இல்லீன்னுட்டா, எம் பங்குக்கு ஒரு பஸ்ஸைப் பிரிச்சுக்கிட்டு சேலம் போயிருவேனுங்ண்ணா. நெசமாத்தானுங்க சொல்றேன்."

பிரித்தால் அவனுக்கு ஒரு பஸ், அண்ணனுக்கு ஒரு பஸ், எனக்கு ஹாரன்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு தடவை க்ஷவரம் செய்துகொண்டேன். இரண்டாவது தடவை எதற்கென்று தெரியவில்லை.

ஞாயிறு
மோகனூர்ப் பக்கம், குலசாமி கோயில். பங்காளிகள் அத்தனை பேரும். இலவசப் பஸ் அல்லவா.

எங்கள் வழக்கம்: சாமியிடம் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது. அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். இல்லாவிட்டால் இல்லை. முதல் பஸ் வாங்கியதே கிடாய் சிலுப்பித்தான்.

அண்ணன் கேட்டார்: "சின்னவன் கம்பெனியை எடுத்துக்கலாமா, சாமி?" தண்ணீர். கிடாய் அசையவில்லை. மறுபடி தண்ணீர். ஊஹூம்.

ஒப்புக்கு என் பேரும் வந்தது. கிடாய் அசை போட ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு பங்காளி: "நடுவன் பேரைச் சொன்னதும் அதுக்குப் பசி வந்துருச்சுங்கோ!" எல்லாரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவன் நான். இன்னும் தொண்டை வலிக்கிறது.

அண்ணன்: "நான் போறதே சாமிக்குப் புடிக்கலையாட்ட இருக்குது." வாய் வருத்தப்பட்டது. கண்ணில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

சிலுப்பாத கிடாயை வெட்டக் கூடாது. பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். வழியில் ஏறிய ஒரு கிழவர், "இதுக்கு அரை டிக்கெட்டா, முழுசாங்க?" என்றார். "முதலாளியை நிர்ணயம் பண்ற ஆளுங்க, பாஸ்ல வருது" என்றேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கள்
தம்பி பஸ்ஸைக் கேட்டுவிட்டான். ஒரே சத்தம். "நீ ஓட்டி, கரியப் பூசிக்கிட்டு நிப்பே!" "நீங்க நிக்க வெச்சே துருப்புடிக்க உடுங்க!" அண்ணி அடுப்படியை விட்டு வரவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

நான் வாயைத் திறந்தேன். "அண்ணா, யாரு வரலாம்னுதான் கேட்டீங்க. நீங்க போலாமான்னு கேக்கவேயில்லீங்களே."

"போடா கோமாளி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்
உச்சி வெயில். ஷெட்டில் நிற்கும் பஸ்ஸின் பின் சீட்டில் படுத்திருந்தேன் (கணக்குப் பார்ப்பதாக வீட்டில் பேர்). அண்ணன் வந்தார், கையில் செம்பு. கிடாய் அங்கேதான் கட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

சின்னக் குரலில்: "கம்பெனியை நான் உட்டரலாமா, சாமி?"

கேட்டாரே தவிர, செம்பு சாயவில்லை. வெகு நேரம்.

சாய்த்தார். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே சிலுப்பல். அண்ணன் சட்டையெல்லாம் ஈரம். துண்டால் முகத்தைத் துடைத்தார், பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கிடாய் சிலுப்பியதில் அவ்வளவு தண்ணீரா தெறித்தது?

நான் சீட்டுக்கு அடியில். முழங்கையில் சிராய்ப்பு.

புதன்
தூறல். இட்டிலி சுத்தம்.

அண்ணன் சாவிக்கொத்தைக் கழற்றித் தம்பி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "வர்ற ஞாயித்துக்கெழம கிடாயை வெட்டீரலாம்."

தம்பி திகைத்தான். "அது சிலுப்பவே இல்லீங்களேண்ணா?"

"சிலுப்பீருச்சு."

"எப்போங்க?"

"கேக்கறபடி கேட்டேன், சிலுப்பீருச்சு. தின்னு சாமி, ஆறிப்போவுது." என் பக்கம் ஒரு பார்வை. எனக்குத் திடீரென்று சட்டினியில் பெரிய ஆராய்ச்சி.

தம்பியின் முதல் உத்தரவு எனக்குத்தான்: நாளைக்கு ஓமலூர் போய்க் கரி விலை விசாரிக்க வேண்டும். பிரிகிற பேச்சே காணோம்.

கை கழுவும்போது அண்ணன் கிட்டே வந்து, "ஓமலூருக்கு என்னையும் கூட்டிட்டுப் போடா. ஊட்லயே இருந்தன்னா அவனுக்கு ரோசனை சொல்லிப்போடுவேன்."