தட்டினால் எழுத்து, பிடித்தால் கட்டளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதனால் ஆபீஸில், சாப்பாட்டு இடைவேளையில், பழைய ஃபைல்களை அடுக்கிவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மடியில் வைத்து எழுதியதால் என்று நினைத்துக்கொள்.

நீ செய்து அனுப்பிய கீபோர்டு பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைப் படித்தால் நான் உன்னைக் குறை சொல்வதாகத் தோன்றும். இரண்டு துண்டாகப் பிளந்த அந்தப் பலகையைப் பார்த்ததும் பக்கத்து மேஜைக்காரி (ஓயாமல் பேசுவதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ) இது கீபோர்டா, கைதவறிக் கீழே போட்டதா என்று கேட்டாள். நான்கு நாளில் பழகிவிட்டேன். மூலையில் இருக்கிற கீகளுக்கு விரலை நீட்டவே வேண்டாம். ஒரே கீக்கு இரண்டு வேலை: தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கட்டளை. என் வலது சுண்டுவிரலுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிற விலாசத்தை அவர்கள் வேகத்துக்கே அடித்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒரு டீச்சர் கூப்பிட்டார். பள்ளிக்கூட மரத்தில் குளவி கலைந்து ஒரு பெண் குழந்தையைக் கொட்டிவிட்டது. உதடும் கழுத்தும் வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது என்றார். வயது எட்டு. தெருப்பெயர், எண், அடையாளம் எல்லாம் தெளிவாகச் சொன்னார். பழைய தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், நீலக் கேட். வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டேன். அவரும் வைத்துவிட்டார். படிவத்தில் கடைசி வரிதான் பாக்கி. அதை முடித்து அனுப்பினால் வண்டிக்குப் போய்விடும்.

'நீலக் கேட்' என்று அடிக்கப்போனேன், அண்ணா. 'ந' சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தட்டினேன். தட்டினேன் என்றுதான் நான் நினைத்தேன். இடது கையால் 'ஈ' அடித்தேன். படிவம் காணாமல் போய்விட்டது. சேமிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரை வெறுமையாக இருந்தது.

விரல் அந்தக் கீயிலிருந்து எழுந்திருக்கவில்லை. கீபோர்டு அதைப் பிடித்ததாக எடுத்துக்கொண்டது. எழுத்து விழவேண்டிய இடத்தில் கட்டளை விழுந்து பக்கத்தை மூடிவிட்டது. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நிமிஷத்தில் எதுவும் புரியவில்லை. தெருப்பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் யோசித்தேன், வரவில்லை. நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன், பேசிக்கொண்டிருந்தது. டீச்சர் குழந்தையின் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். பழைய தண்ணீர்த்தொட்டி, நீலக் கேட், பள்ளிக்கூடம் என்று மட்டும் டிரைவருக்குச் சொன்னேன். ஊரில் இரண்டு பழைய தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. அவர் முதலில் இன்னொன்றுக்குப் போய்விட்டார்.

ஆறு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

குழந்தை இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துப் படுத்திருக்கிறது. இன்றோடு மூன்றாவது நாள். பிழைக்குமா என்று யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது என்று ரேடியோ எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதிலும் இதே கீபோர்டைத்தான் மாட்டியிருக்கிறேன். இது இல்லாமல் என்னால் அடிக்க முடியாது. இதோடு அடிக்கவும் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு 'ந'வுக்கும் விரலை இடது கையால் தூக்கிவிடலாமா என்று தோன்றுகிறது.

விரல் எவ்வளவு நேரம் இருந்தால் 'பிடித்தது' என்று கணக்கு, அதற்கு ஒரு எண் இருக்கிறது, உன்னுடையதில் இருநூறு மில்லிசெகண்டு வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னாயே. அதைக் கூட்ட வேண்டும். எப்படி என்று எழுது. எவ்வளவு கூட்டினால் போதும் என்றும் எழுது. போன மாதத்தைவிட இந்த மாதம் விரல் எழுவதில் தாமதம் அதிகமாகிவிட்டது. அடுத்த மாதம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீயும் பதிலில் எழுதாதே. காலையில் என் பெண்ணுக்குத் தலை வாரும்போது அவளே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னம்மா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலே வரி. கூடவே போனுக்கு ஃபைல். திற, எண்ணை மாற்று, கேபிளைச் சொருகி உள்ளே ஏற்று, முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். பயப்படாதே என்று எழுதவில்லை. அதைக் கவனித்தேன்.

முதலில் நல்ல செய்தி. குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்களாம், எடுத்ததும் ஐஸ்கிரீம் கேட்டதாம். டிரைவர்தான் வந்து சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் அடுத்த புதன்கிழமை கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். ஒழுங்காகப் பார்த்திருந்தால் திரை போயிருக்காது, விளக்கம் எழுதிக் கொடு என்று. அவர் என் பழைய கம்ப்யூட்டரை இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும். என்னிடம் வந்து, அன்றைக்கு என்ன ஆச்சு, ஞாபகப்படுத்திச் சொல்லுங்களேன் அக்கா என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஆபீஸின் பெரிய மேடத்தின் அறைக்குப் போனேன். என் கையைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, என் விரல் எழவில்லை, போன வருஷம் மணிக்கட்டு வலி என்று சொல்லி இந்தக் கீபோர்டுக்கு அனுமதி வாங்கியது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் புள்ள போயிருந்தா, இப்ப வந்து சொல்லியிருப்பியா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவர் திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னார். கையைக் காட்டச் சொன்னார். தன் கையை நீட்டி, பிடி, இறுக்கிப் பிடி என்றார். நான் முழுப் பலத்தோடு பிடித்தேன். இன்னும் இறுக்கு என்றார். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

மெமோவை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். என் மேல் விசாரணை உண்டு, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அழைப்பு எடுக்கிற வேலையிலிருந்து என்னை நீக்கி ஃபைல் அறைக்கு அனுப்பியிருக்கிறார். போன கடிதத்தை எழுதிய அதே அறைதான், இப்போது மேஜை கொடுத்திருக்கிறார்கள். பதினான்கு வருஷம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுக்கும்போது ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. என் தண்ணீர் பாட்டிலை மட்டும் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

இவ்வளவும் எழுதியது சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான். இனிமேல் தள்ள முடியாது.

நீ அனுப்பிய ஃபைல் என்னுடையது இல்லை, அண்ணா. அவசரத்தில் உன்னுடையதை அனுப்பிவிட்டாய். எண்ணைத் தேடினேன். இருநூறு இருக்கவேண்டிய இடத்தில் நானூற்று இருபது இருந்தது. அதற்கு மேலே நீ குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய். கீபோர்டு அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்று நீதான் முன்பு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாய். நான் படித்தேன். இருநூற்று நாற்பது, இடது சுண்டுவிரல். முந்நூறு, மோதிரவிரலும். முந்நூற்று அறுபது, காலையில் மட்டும். நானூற்று இருபது. ஒவ்வொன்றுக்கும் தேதி.

முதலில் எனக்காக எழுதியது என்றுதான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் என்னுடையது வலது கை. முதல் தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது. எனக்கு விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று நான் உன்னிடம் சொன்னதே போன வருஷம்தான். அன்றைக்கு நீ போனில் வெகுநேரம் பேசாமல் இருந்தாய். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். பிறகு சிரித்துக்கொண்டே, உனக்கு ஒரு கீபோர்டு செய்து தருகிறேன் என்றாய்.

உனக்காகச் செய்துகொண்டதைத்தான் எனக்கும் செய்தாய். எனக்கு மட்டும் இருநூறு வைத்து அனுப்பினாய். என்னுடையது வெறும் அசதியாக இருக்கும் என்று நம்பியா? நான் அதைக் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் நம்பத் தோன்றியது.

மூன்று வருஷம் நீ தனியாக இந்த எண்ணை மாற்றிக்கொண்டிருந்தாய் என்பதை நினைத்தால் என் பயம் எனக்கே சின்னதாகத் தெரிகிறது. அண்ணிக்குத் தெரியுமா? சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? போன விடுமுறைக்கு வந்தபோது ரவுண்டு கழுத்துப் பனியனாகவே போட்டுக்கொண்டிருந்தாய். பட்டணத்துக்குப் போய் ஸ்டைல் வந்துவிட்டது என்று உன்னைக் கேலி செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, அம்மா அன்றைக்குச் சிரிக்கவே இல்லை.

மேடமே சீட்டு எழுதிக் கொடுத்து நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். இவரிடம் எல்லாவற்றையும் பஸ்ஸில் போகும்போதுதான் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஊசி குத்திப் பார்த்தார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். அப்பாவுக்கு இருந்த அதே நோய்தான் என்று இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போகாது, முன்கூட்டியே வருகிறவர்களுக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு அண்ணன் என்றேன். அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை, அண்ணா.

வருகிற இருபத்தி மூன்றாம் தேதி, காலை பத்தரைக்கு, நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் கொடுத்திருக்கிறார். உன் பெயரையும் வயதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள். ஆனால் இங்கே வந்து கோபித்துக்கொள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் இரண்டு பேருமாகச் சொல்லிவிடலாம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், அவள் நமக்குச் சொல்லட்டும்.

அண்ணியையும் அழைத்துக்கொண்டு வா. அவளிடம் இதுவரை சொல்லவில்லையென்றால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நில். ரயிலில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கு. பெட்டியை நீ தூக்காதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும். எனக்கு வேறு அண்ணன் இல்லை.

உன் தங்கை