பதில் மணி

மே 8

முன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அப்பா பாதியில் நின்றுவிட்டார். பம்பின் கைப்பிடியை மேலே தூக்கியபடியே. கண் திறந்திருந்தது. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. இன்னொரு கை சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி விட்டது. விளையாடுகிறார் என்று நினைத்து நானும் வாயை மென்று காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு, "என்ன வாலு, அப்படி முழிக்கற?" என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி.

அம்மா உள்ளே தையல் மெஷினில் இருந்தாள். பார்க்கவில்லை.

மே 9

இன்றும். மாடிப்படியில். கூப்பிட்டேன், தொட்டேன், உலுக்கினேன். தெளிந்ததும், நேத்தும் இப்படித்தான் இருந்தீங்க என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. தூக்கக் குறைவு, இந்த லீவுக்குத் தீவுக்குப் போய்க் கடல் காற்றில் சைக்கிள் மிதித்தால் சரியாகிவிடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா காதுல போட்டா ஆஸ்பத்திரிம்பா. அங்க எழுதிட்டாங்கன்னா அதோட எனக்கு ஸ்டியரிங் கிடையாது. நீ என் கட்சிதானே?"

ஆமாம் என்றேன். எப்போதும் அப்பா கட்சிதான் நான்.

அப்பா பஸ் டிரைவர். விடுமுறை முடிந்ததும் அவர் ஓட்டப்போவது எங்கள் பள்ளிக்கூட பஸ். நான்தான் நச்சரித்து அந்த வேலையைக் கேட்க வைத்தேன்.

மே 13

தீவுக்கு வந்துவிட்டோம். மர அறை, அடுக்குக் கட்டில். மேல் கட்டில் எனக்கு. சைக்கிள் முன்விளக்கைக் கழற்றி வந்து போர்வைக்குள் எழுதுகிறேன். கீழே அப்பாவின் குறட்டை கேட்கிறது. குறட்டை கேட்கும்வரை நிம்மதி.

சைக்கிளில் போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பா முன்னால், நான் நடுவில், அம்மா கடைசி. சாமான் மூட்டை அம்மா கேரியரில் என்பதால் பின்தங்கித்தான் வருவாள். நாங்கள் வளைவில் மறைந்ததும் அம்மா ஒரு மணி அடிப்பாள். அப்பா ஒன்று பதில் அடிக்க வேண்டும், பிறகு நான் ஒன்று. எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மணிகள். எது யாருடையது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்று அம்மாவின் மணி கேட்டது. அப்பாவிடமிருந்து பதில் இல்லை. அவர் சைக்கிள் மெல்ல மெல்லப் புல்வெளிப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு மணி அடித்தேன். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

யோசித்துச் செய்யவில்லை. கட்டை விரல் தானாகப் போய்விட்டது.

அப்பாவின் சக்கரம் புல்லில் மாட்டி நின்றது. காலை ஊன்றிக்கொண்டார். அம்மா வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மே 14

கல்வட்டம் பார்க்கப் போனோம். ஆளை விடப் பெரிய கற்கள், வட்டமாக, ஆயிரக்கணக்கான வருடங்களாக நிற்கின்றன. யார் நட்டார்கள், எதற்கு என்று விடுதிக்கார அக்காவிடம் கேட்டால், "நானும் கேட்டுப் பார்த்தேன், ஒரு கல்லும் வாயைத் திறக்கல" என்கிறாள். அப்பா ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், பஸ்ஸுக்கு நிக்குதுங்க. கடைசி வண்டி போயிடுச்சுன்னு யாரும் சொல்லல போல" என்றார். அம்மா உட்கார்ந்துவிட்டாள் சிரித்து.

அப்புறம் பெரிய கல்லுக்கு முன்னால் அது வந்தது. வாய் மெல்வது தெரியாமல் இருக்க நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். யாரோ இரண்டு பேர், பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துச் செருப்புச் சத்தம் கேட்காமல் சுற்றிப் போனார்கள். தூரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "உங்கப்பா என்னையே இவ்ளோ நேரம் பார்த்ததில்லடி" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்தே ஆக வேண்டும்.

மே 15

முழங்கால் எரிகிறது. அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பாறை விளிம்புப் பாதை. கீழே கடல், பாறை முழுக்கக் கடற்பறவைகள், இடுக்குக்கு இடுக்கு கூடு. தடுப்பு எதுவும் கிடையாது. பாதை இடது பக்கம் திரும்பியது. அப்பா திரும்பவில்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அவர் கேரியரைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் கொஞ்ச தூரம் தரையில் தேய்ந்தேன். பறவைகள் எல்லாம் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலிலும் அம்மாவின் மணி கேட்டது. விழுந்து கிடந்த என் சைக்கிளிடம் ஓடிப்போய் அடித்தேன். ரெண்டு. அப்பவும் ரெண்டு. என்ன பொண்ணு நான்?

அவர் தெளிந்ததும் கேட்டேன், பஸ் ஓட்டும்போது வந்திருக்கா என்று. குனிந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே.

"ஒரே ஒரு தடவை. காலி வண்டி."

காலி வண்டி.

பள்ளிக்கூட பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் தினமும் உட்காருவது முயல். என் வகுப்பு, முன்பல் இரண்டும் நீளம், அதனால் முயல். அப்பா ஓட்டப்போகிறார் என்று கேட்டதிலிருந்து அவள்தான் என்னை விடக் குதிக்கிறாள்.

மே 15, இன்னும் தூங்கவில்லை

சொன்னால் அப்பா என் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாவிட்டால்—

மே 16

மழை. வெளியே போகவில்லை. அப்பா நாளெல்லாம் தூங்கினார். அம்மா மழைக்கோட்டின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "அதென்னடி, உங்க ரெண்டு பேர் மணியும் ஒட்டிக்கிட்டே வருது? அப்பா மெதுவா போறாரா, நீ வேகமா போறியா?" என்று கேட்டாள்.

இதுதான் நேரம் என்று தெரிந்தது. அம்மா, என்றேன். என்ன, என்றாள். நிமிர்ந்துகூடப் பார்த்தாள். ஒண்ணுமில்ல, என்றேன்.

நான் கோழை. இதை எழுதிவைக்கத்தான் விளக்கை ஏற்றினேன்.

மே 17

முதலிலிருந்து எழுதுகிறேன்.

இன்று கடல்நாய்கள் இருக்கும் குடாவுக்குப் போனோம். பாறையில் ஈர மூட்டைகள் மாதிரிக் கிடந்தன. இறக்கத்தில் அப்பா பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அதோ பார் என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. வாய் மெல்ல ஆரம்பித்தது.

வளைவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் மணி.

கட்டை விரல் மணி மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தாதே, அழுத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா மறுபடி அடித்தாள். கடல்நாய்கள் எல்லாம் சத்தம் வந்த பக்கம் தலையைத் தூக்கின. அப்பா தூக்கவில்லை. அப்புறம் விடாமல் அடித்தாள். ட்ரிங் ட்ரிங் ட்ரிங் என்று, அழுகிற மாதிரி. அப்புறம் மணி நின்று, சரளைக்கல்லில் டயர் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. வழியில் மூட்டை விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அப்பாவைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். மணி மேலிருந்த என் விரலைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்துடி நீயே ரெண்டும் அடிக்கற?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பம்பு, மாடிப்படி, பாறை விளிம்பு, காலி வண்டி. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்பா தெளிந்து, "என்ன, ரெண்டு பேரும் நிக்கறீங்க?" என்று சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

அம்மா சொன்னாள், "இறங்குங்க. நடந்தே போலாம்."

மே 18

ஊர் திரும்பும் படகில் அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கரை தெரிந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார். "கட்சி மாறிட்ட, இல்ல?"

மே 30

வலிப்பிலேயே இது ஒரு வகையாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் போச்சு. அப்பா சொன்னபடியேதான் ஆயிற்று. சைக்கிளும் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அப்பா முதல்முறையாகத் தலை குனிந்தார்.

என்னோடு பேசுவதில்லை. அவளைச் சாப்பிட வரச் சொல்லு என்று அம்மாவிடம் சொல்கிறார், நான் எதிரிலேயே நிற்கும்போது.

ஜூன் 11

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வேறு டிரைவர். முயல் ஏன் என்று கேட்டாள். டிரைவருக்குப் பின் சீட்டில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் நாளையிலிருந்து சைக்கிளில்தான் போகப்போகிறேன்.

ஜூன் 20

பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்கு மைக்கில் அறிவிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டில் என்னோடு பேசுவதே இல்லை. அங்கே நாள் முழுக்கப் பேசுகிறார்.

ஜூன் 27

காலையில் அப்பா வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் சைக்கிளில் அவரைத் தாண்டினேன். நிற்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனேன். தெரு முனை வளைவு தாண்டியதும் பழக்கதோஷத்தில் விரல் ஒரு மணி அடித்துவிட்டது. சே என்று ஆகிவிட்டது.

அடுத்த மிதி மிதிப்பதற்குள், வளைவுக்குப் பின்னாலிருந்து, மைக்கில் சொல்கிற அதே குரலில், வாயாலேயே—

"ட்ரிங்."