நாதஸ்வரம் ஏன் மெல்லக் கேட்கிறது

நிலவின் தென்துருவம், கிழக்கு ஒலி நிலையம்
எழுதுபவர்: ஜெசிந்தா, ஒலிப் பொறியாளர்

காலை 08:10
தரையில் புதைத்த கருவிகளில் பனிப்பாறை வெடிக்கும் அதிர்வு ஏதும் இல்லை. இரண்டு நிலையங்களுக்கும் மின்சாரம் தரும் சூரியத் தகடுகளில் பாதி பழுது. எனக்கும், மேற்கு நிலையத்தில் தனியாக இருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் தலைமையகத்திலிருந்து சிக்கன உத்தரவு. சூடேற்றியைப் பாதியாக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் காற்றழுத்தமானி இனி நொடிக்கு ஒருமுறை அளக்காது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். நடுவில் திரையே உத்தேசமாகக் கோடு போட்டுக்கொள்ளும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாரோ புண்ணியவான் எழுதியது. செய்துவிட்டேன்.

11:40
அண்ணாச்சி தன் தம்பி வாசித்த நாதஸ்வரத்தை அனுப்பியிருந்தார். போட்டால் மெல்லக் கேட்கிறது. நாதஸ்வரமே அடங்கிக் கேட்டால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

காரணம் எனக்குத் தெரியும். பதிவின் சாம்பிள் ரேட் 44,100. அதாவது ஒரு நொடி ஒலியை அத்தனை துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்பீக்கர் கேட்பது 48,000. நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் புதுத் துண்டுகளைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. தரத்தை உயர்த்தி வைத்தால், அந்தக் கணக்கில் ஒலி எல்லை தாண்டி உடைந்துவிடுமோ என்று பயந்து முன்கூட்டியே சத்தத்தைக் குறைத்துவிடும். தரத்தைக் குறைத்தேன். சத்தம் ஏறியது, தகரத்தைத் தட்டியதுபோல.

14:05
மறுபடி இறங்கிவிட்டது. அண்ணாச்சி ரேடியோவில் வந்தார்.

“ஏம்மா ஜெசிந்தா, நாயனம் இங்கயும் கெணத்துக்குள்ள ஊதுத மாதிரில்லா கேக்கு!”

“கன்வெர்ட்டர் சேட்டை அண்ணாச்சி. தரத்தக் கொறச்சு வச்சிட்டுப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

“நீ சொன்னா சரிதாம்மா. தல வேற வலிக்கு.”

நாதஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வழக்கம்போல மைக்கை மூடாமலே படுத்துவிட்டார். துணைக்கு ஆள் இருப்பது கேட்கட்டும் என்பார். எனக்கும் அது பிடிக்கும்.

16:30
ஸ்பீக்கரையே 44,100க்கு மாற்றினேன். இப்போது கன்வெர்ட்டருக்கு வேலையே இல்லை. ஆனாலும் சத்தம் ஏறவில்லை. வெளியேறும் அளவு முழுசு என்று மீட்டர் சொல்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

தும்மினேன். அதுவும் மெல்லத்தான் கேட்டது. தும்மலுக்கு ஏது சாம்பிள் ரேட்? சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். தலை வலிக்கிறது, விரல் எழுத்துகளைத் தவறவிடுகிறது, இருந்தும் சந்தோஷமாக இருக்கிறது.

16:42
ஸ்பீக்கரைத் தாடை எலும்பில் அழுத்தினேன். நாதஸ்வரம் முழுசாகக் கேட்டது.

எலும்பு வழியே முழுசு. காற்று வழியே மெல்ல.

காற்றுதான் குறைகிறது. திரையில் கோடு பச்சையாக, நேராக ஓடுகிறது. உத்தேசக் கோடு. காலையிலிருந்து யாரும் அளக்கவேயில்லை. விண்வெளி சூட் எங்கே. கழுத்துப் பூட்டு விழவில்லை. விழவில்லை. விழுந்தது

17:05
மூச்சு வருகிறது. புத்தியும் வருகிறது. கதவு ரப்பர் குளிரில் சுருங்கிக் கீறல் விட்டிருக்கிறது. மேற்கு நிலையத்திலும் இதே ரப்பர், இதே உத்தரவு.

அண்ணாச்சிக்கும் சத்தம் குறைந்தது. தலை வலித்தது. நான்தான் படுக்கச் சொன்னேன்.

கூப்பிட்டேன், பதில் இல்லை. வண்டியில் சார்ஜ் இல்லை. நடந்தால் சூட்டில் இருக்கும் காற்று பாதி வழிக்குத்தான் வரும். தலைமையகத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினேன். அவர்கள் பதில்:

“மேற்கு நிலையத்தில் அழுத்தம் சீராக உள்ளது. திரையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பதற்றம் வேண்டாம்.”

17:31
அவர் மைக் வழியாக நாதஸ்வரம் கேட்கிறது. முடிந்து முடிந்து மறுபடி தொடங்குகிறது. என் சூட்டுக்குள் காற்று முழுசாக இருக்கிறது, எந்த செட்டிங்கையும் நான் தொடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் இறங்குகிறது. முதலில் அவர் குறட்டையும் கேட்டது.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், முதலில் மேற்கு நிலையத்துக்குப் போங்கள். எனக்காக நிற்க வேண்டாம்.

17:50
நாதஸ்வரத்தின் பின்னால் வரும் தவில் தாளம் மட்டும் கேட்கிறது. அதுவும் விட்டு விட்டு. நான் விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பது இது:

“சுடல அண்ணாச்சி, எந்திரிங்க. சூட்ட மாட்டுங்க. கன்வெர்ட்டர்ல ஒண்ணும் இல்ல, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். அண்ணாச்சி, கேக்கா? எந்திரிங்க…”